'ஃப்ராய்ண்ட்லிஷ்': ஒரு பெயரடையும் நம் தெருக்களும்

1

ஜெர்மன் மொழியில் 'ஃப்ராய்ண்ட்லிஷ்' என்றொரு பெயரடை இருக்கிறது. கடைசி ஒலி ஷகரத்துக்கும் ஹகரத்துக்கும் நடுவே அண்ணத்தை உரசிக்கொண்டு போவது. தமிழ் எழுத்தில் அதற்கு இடமில்லாததால் 'ஷ்' போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன். அகராதியைப் புரட்டினால் நட்பான, அன்பான, கனிவான, இனிய என்று நாலைந்து சொற்கள் வரிசையாக நிற்கும். அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த நாலைந்தில் எதை எடுத்தாலும் அச்சொல் செய்கிற காரியத்தில் ஒரு பகுதி கைநழுவிப் போகிறது. பெர்டோல்ட் ப்ரெக்டையோ வால்டர் பெஞ்சமினையோ தமிழுக்குக் கொண்டுவர முனைகிற எவரும் இந்த இடத்தில் நின்று யோசித்தாக வேண்டும். அவர்கள் இருவருக்கும் இது சாதாரணப் பெயரடை அல்ல, ஏறக்குறைய ஓர் அரசியல் கலைச்சொல்.

இக்கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. கூடவே, அதற்கு நேரான சொல் தமிழில் ஏன் சட்டென்று கைக்கு வர மறுக்கிறது என்பதைப் பற்றியது. மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று நாம் சொல்வது பல சமயம் சமூகச் சிக்கலின் இன்னொரு பெயராகவே இருக்கிறது.

நான் தாம்பரத்தில் சில ஆண்டுகளாக மாலை நேரங்களில் ஜெர்மன் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் செவிலியர் படிப்பு முடித்த பெண்கள். மீதிப் பேர் ஒரகடம், மறைமலைநகர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற டிப்ளமோக்காரர்கள். 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் இடம்பெயர்வு பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது. இவர்களுக்கு ப்ரெக்ட் யாரென்று தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் 'நோயாளியிடம் ஃப்ராய்ண்ட்லிஷாக இருக்க வேண்டும்' என்கிற வாக்கியம் பாடத்தில் வந்தே தீரும். "சார், அப்படின்னா அன்பா இருக்கணுமா, மரியாதையா இருக்கணுமா?" என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் எழும். கேள்வி சரியான இடத்தில்தான் கை வைக்கிறது. நமக்கு அது இரண்டு விஷயம். ஜெர்மனில் ஒரே சொல்.

2

முதலில் புழக்கத்தைப் பார்த்துவிடலாம்.

கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், அலுவலக எழுத்தர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரைப் பற்றிப் பேசும்போது இச்சொல் சாதாரணமாக வரும். வழி கேட்டால் நின்று பதில் சொன்ன மனிதர் ஃப்ராய்ண்ட்லிஷ். பெற்ற தாயைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னால் கேட்பவருக்கு என்னவோ நெருடும். அந்த உறவில் ஏதோ குறைகிறது என்று தோன்றும். ஆக, இது நெருக்கத்தின் சொல் அல்ல. இடைவெளி இருக்கிற இடத்தில்தான் இதற்கு வேலை.

மனிதரை விட்டுப் பொருள்களுக்கும் போகும். வெயிலடிக்கிற நாள் ஃப்ராய்ண்ட்லிஷ். ஜன்னல் வைத்த, வெளிச்சமான அறை ஃப்ராய்ண்ட்லிஷ். புகைப்படக்காரர் 'கொஞ்சம் சிரிங்க' என்பதற்குப் பதில் இந்தச் சொல்லைத்தான் சொல்வார். சொற்களின் வாலில் ஒட்டிக்கொண்டு குழந்தைகளுக்கு ஏற்ற, சுற்றுச்சூழலுக்கு உகந்த, தோலுக்கு இதமான என்றெல்லாம் பொருள் தரும். பங்குச்சந்தையில் விலை ஏறுமுகமாக இருந்தால் சந்தை ஃப்ராய்ண்ட்லிஷாக முடிந்தது என்று செய்தி வாசிப்பார்கள். யாருக்கு ஃப்ராய்ண்ட்லிஷ் என்று கேட்காமல் இருப்பதுதான் மூலதனத்தின் இலக்கணம் போலும். வீட்டைக் காலி செய்யச் சொல்கிற கடிதத்தின் அடியிலும் 'ஃப்ராய்ண்ட்லிஷான வணக்கங்களுடன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கும்.

அண்டைச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் எல்லை தெளியும். 'நெட்' என்றொரு சொல். லத்தீனில் பளபளப்பைக் குறித்த வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, முன்னாளில் சுத்தமான, நறுவிசான என்று பொருள். இன்று 'நல்ல மாதிரி' என்பதற்கு நிகர். அளவுக்கு மீறிப் பழகிப்போனதால் அதில் ஒரு ஏளனமும் ஏறிவிட்டது. 'ஆள் எப்படி?' என்று கேட்டு 'நெட்' என்று பதில் வந்தால் சொல்ல வேறொன்றும் இல்லை என்று அர்த்தம். 'லீப்' இன்னொன்று. பிரியமான, செல்லமான என்று பொருள்படும். சொன்னபேச்சுக் கேட்கிற பிள்ளையும் லீப்தான். லூதர் 1530இல் மொழிபெயர்ப்பு குறித்து எழுதிய பகிரங்கக் கடிதத்தில், இந்தச் சொல் நெஞ்சுக்குள் இறங்குகிற மாதிரி லத்தீனிலோ வேறு மொழியிலோ ஒரு சொல் இறங்குமா என்று சந்தேகப்படுகிறார். வேடிக்கை என்னவென்றால் 'லீப்' பிறந்த அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்துதான் சமஸ்கிருத 'லோப'மும் பிறந்தது. அது தமிழுக்கு வந்து உலோபி ஆயிற்று. அங்கே அன்புக்குரியவர், இங்கே காசை இறுக்கிப் பிடிப்பவர். ஆசை என்கிற ஒரே விதை, இரண்டு மண்.

3

'ஃப்ராய்ண்ட்லிஷ்' என்பதன் உள்ளே இருக்கும் பெயர்ச்சொல் 'ஃப்ராய்ண்ட்', நண்பன். இது ஒரு பழைய வினையின் நிகழ்கால எச்சம்; நம் இலக்கணப்படி வினையாலணையும் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம்: நேசிக்கிறவன். இதன் வேரும் நாம் அன்றாடம் புழங்குகிற 'பிரியம்' என்பதன் வேரும் ஒன்றே. பகைவனைக் குறிக்கும் 'ஃபைண்ட்' என்ற சொல்லும் அதே அச்சில் வார்த்தது: வெறுக்கிறவன். இரண்டு சொற்களும் எதிரெதிரே நிற்கும் இரட்டைகள்.

இந்த இரட்டையை எடுத்துத்தான் கார்ல் ஷ்மிட் தன் அரசியல் கோட்பாட்டைக் கட்டினார். 1927இல் கட்டுரையாகவும் 1932இல் நூலாகவும் வந்த 'அரசியல் என்னும் கருத்தாக்கம்' சொல்வது இதுதான்: அறவியலுக்கு நன்மை-தீமை எப்படியோ, அழகியலுக்கு அழகு-அசிங்கம் எப்படியோ, அப்படி அரசியலுக்கு நண்பன்-பகைவன் என்ற பாகுபாடு. மறுவருடம் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ப்ரெக்டோ அதே 1933இல், ஜெர்மன் பாராளுமன்றக் கட்டிடம் எரிந்த மறுநாள், நாட்டைவிட்டு வெளியேறினார்.

ஷ்மிட் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொண்டார். ப்ரெக்ட் பெயரடையை எடுத்துக்கொண்டார். என் வாசிப்பில் இது தற்செயலான வேறுபாடு அல்ல. பெயர்ச்சொல் ஆளைக் குறிக்கிறது. ஆளைக் குறித்ததுமே வேலி விழுந்துவிடுகிறது: இவன் நண்பன், ஆகவே அவன் நண்பனல்ல. பெயரடை நடந்துகொள்கிற விதத்தைக் குறிக்கிறது. 'லிஷ்' என்கிற விகுதி ஆதியில் உடல், உருவம் என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து தேய்ந்து வந்தது. ஆகவே ஃப்ராய்ண்ட்லிஷ் என்றால் நண்பனின் உருவமுள்ள, நண்பன்போல. நண்பனாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. முன்பின் தெரியாதவனிடமும் நண்பன்போல நடந்துகொள்ளலாம். தமிழின் 'போல' என்ற உவம உருபு இங்கே பெரிய ஜனநாயக வேலை ஒன்றைச் செய்கிறது.

டென்மார்க்கில் அகதியாக இருந்த காலத்தில் ப்ரெக்ட் எழுதிய 'பின்னால் பிறக்கப்போகிறவர்களுக்கு' என்ற கவிதை (1939இல் அச்சேறியது) இந்தச் சொல்லில்தான் வந்து முட்டி நிற்கிறது. ஃப்ராய்ண்ட்லிஷான உலகத்துக்கு நிலத்தைப் பண்படுத்தப் போனவர்கள் தாங்களே ஃப்ராய்ண்ட்லிஷாக இருக்க முடியாமற் போயிற்று என்ற துக்கம் அது. இந்த இடத்தில் 'அன்பு' என்று போட்டால் கவிதை உபதேசமாகிவிடும். 'கருணை' என்று போட்டால் புரட்சிக்காரன் வள்ளலாகிவிடுவான். 'நட்பு' என்று போட்டால் தோழர்களுக்குள்ளான விவகாரமாகச் சுருங்கிவிடும். மூன்றுமே தவறு.

ப்ரெக்ட் 1938இல் எழுதிய இன்னொரு கவிதை லாவோட்சே நாடுகடந்து போனதைச் சொல்வது. எல்லையில் சுங்கச் சாவடிக்காரன் ஒருவன், ஒட்டுப்போட்ட சட்டைக்காரன், கிழவரின் ஞானத்தை எழுதித் தரும்படி கேட்கிறான். கிழவரும் அவரை அழைத்துப்போகும் பையனும் அவன் குடிசையில் தங்கி, சாப்பிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இக்கவிதைக்கு பெஞ்சமின் எழுதிய குறிப்புரை 1939இல் வெளிவந்தது. ஹன்னா அரெண்ட் எழுதியிருப்பதுபோல, இக்கவிதை பிரான்சின் தடுப்பு முகாம்களில் அகதிகளிடையே வாய்வழியாகவே பரவியது. குறிப்புரையில் பெஞ்சமின் கவனிக்கிற இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். பெரிய உதவியை ஏதோ சின்ன விஷயம்போலச் செய்துவிட்டுப் போவது ஒன்று. மற்றது, இந்தப் பண்பு மனிதர்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அழிப்பதில்லை, அந்தத் தூரத்துக்கு உயிர் கொடுக்கிறது என்பது. கிழவர் சாவடிக்காரனைக் கட்டித் தழுவவில்லை. எழுதிய எண்பத்தொரு வாசகங்களைக்கூடப் பையன் கையில்தான் கொடுத்தனுப்புகிறார். கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.

உயிருள்ள தூரம். இந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொண்டு தமிழுக்கு வருவோம்.

4

ஜெர்மன்காரர்களுக்குத் தமிழ் அந்நியமில்லை. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஃபப்ரீசியஸ் சென்னை வேப்பேரியில் இருந்து 1779இல் தமிழ்-ஆங்கில அகராதி அச்சிட்டார். கார்ல் கிரவுல் திருக்குறளை 1856இல் ஜெர்மனில் கொண்டுவந்தார். சொல்லுக்குச் சொல் தேடி மண்டையை உடைத்துக்கொண்ட ஆட்கள் இவர்கள்.

லூதரின் ஜெர்மன் விவிலியத்தில் முப்பத்துநான்காம் சங்கீதத்தில் கடவுள் ஃப்ராய்ண்ட்லிஷ் என்று வருகிறது. அதைச் சுவைத்துப் பார்க்கச் சொல்கிறது பாட்டு. எபிரேய மூலத்தில் இருப்பது 'நல்ல' என்ற பொருளுள்ள சாதாரணச் சொல். லூதர் அதை வீட்டுத் திண்ணைக்கு இறக்கிக் கொண்டுவந்தார். இன்று புழங்கும் தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் 'நல்லவர்' என்றிருக்கிறது. மூலத்துக்கு அது நெருக்கம்தான். ஆனால் ஜெர்மன்காரன் கேட்கிற குரல் அதில் இல்லை. பழைய கத்தோலிக்கத் தமிழ் ஜெபத்தில் மரியாளுக்குச் சொல்லப்பட்ட 'பிரியதத்தம்' பிற்பாடு 'அருள்' ஆயிற்று. புராட்டஸ்டண்டுகளிடம் அது 'கிருபை'. மூன்றும் மேலிருந்து கீழே இறங்குகிற சொற்களே.

சொல் மட்டுமா இறங்கியது? லைப்சிக் மிஷன், மதம் மாறியவர்களிடையே சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற நிலையை எடுத்தது. குறளை மொழிபெயர்த்த அதே கிரவுல் அந்த நிலைக்காக வாதாடியவர். கடவுள் எல்லோரிடமும் ஃப்ராய்ண்ட்லிஷ். கோயிலுக்குள் உட்காருகிற இடம் மட்டும் வேறு வேறு. இது ஒரு பக்கம். ஐரோப்பா இன்னும் மோசமான கணக்கு வைத்திருக்கிறது. 1938 டிசம்பரில் தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு கூடியது. ஜெர்மனியிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் கொளுத்தப்பட்ட நவம்பர் இரவு கழிந்து அப்போது ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஒரு மொழியில் நல்ல சொல் இருப்பதால் மட்டும் அதைப் பேசுகிறவர்கள் நல்லவர்களாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1992இல் ரோஸ்டாக்கிலும் மோல்னிலும், 1993இல் ஸோலிங்கனிலும் அயல்நாட்டவர் வீடுகளுக்குத் தீ வைத்தபோது ஜெர்மன் பத்திரிகைகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சொல் 'அயலார்-பகைமை'. அதற்குள்ளே இருப்பது ஷ்மிட்டின் 'ஃபைண்ட்'.

5

தமிழில் இந்தப் பொருட்புலத்தில் சொற்பஞ்சம் கிடையாது. அன்பு, அருள், பரிவு, கனிவு, இரக்கம், ஈரம், கண்ணோட்டம், வாஞ்சை, பட்சம், தயவு, சிநேகம் என்று அடுக்கலாம். வள்ளுவர் அன்புடைமைக்கு ஒரு அதிகாரம், அருளுடைமைக்கு ஒன்று, கண்ணோட்டத்துக்கு ஒன்று, இனியவை கூறலுக்கு ஒன்று, பண்புடைமைக்கு ஒன்று என்று பிரித்தே வைத்திருக்கிறார். ஆனால் இச்சொற்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்க்கவேண்டும். அருள், கருணை, தயவு, இரக்கம் எல்லாம் மேலிருந்து கீழே. பக்தி, விசுவாசம், மரியாதை கீழிருந்து மேலே. அன்பும் வாஞ்சையும் உள்வட்டத்துக்குள். சிநேகம் என்பதற்கு சமஸ்கிருதத்தில் எண்ணெய்ப் பசை என்றும் பொருள், ஒட்டினால்தான் சிநேகம். கிடைமட்டமாக, ஒட்டாமல், அந்நியருக்கும் அந்நியருக்கும் இடையே ஓடுகிற சொல் எது?

அன்றாடப் பேச்சில் நாம் வேறு வழி வைத்திருக்கிறோம். சொல்லுக்குப் பதில் உறவுமுறை. காய்கறி விற்பவர் அக்கா, ஆட்டோக்காரர் அண்ணே, பெரியவர் என்றால் தாத்தா. அந்நியரை நொடியில் சொந்தமாக்கிவிடுகிறோம். சும்மா சொல்லக்கூடாது, இது ஒரு அழகான ஏற்பாடு. ஜெர்மனிக்குப் போன என் மாணவி ஒருத்தி, அங்கே யாரையும் 'அக்கா' என்று கூப்பிட முடியாமல் முதல் மூன்று மாதம் நாக்கு கட்டிப்போட்ட மாதிரி இருந்தது என்று எழுதினாள்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. உறவு என்பது இங்கே இரத்தமும் மணமும், அதாவது சாதி. உறவின் மொழியில் அன்பைக் கட்டமைத்துவிட்டால் உறவாக முடியாதவருக்கு அன்பு எந்தச் சொல்லில் போய்ச்சேரும்? கிராமத்தில் சேரியின் முதியவர் ஊர்த்தெருப் பையனை 'சின்னய்யா' என்றதும், பையன் அவரைப் பேர்சொல்லி 'வாடா போடா' என்றதும் நாம் அறியாத கதையல்ல. ஒரே வாக்கியத்தில் உறவுப்பெயர் ஒருபக்கம் மட்டும் போய், திரும்பி வராமல் நின்றுவிடுகிறது.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் எங்கேயும் வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்கு இது தெரியும். "வாங்க தம்பி, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" உபசாரத்தில் ஒரு குறையும் இருக்காது. பிறகு ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, அப்பா பேர் என்ன, வீட்டில் கவிச்சி உண்டா என்று கேள்விகள் வளையம் வளையமாக நெருங்கும். கேட்கிற முறையில் கடுமையே இருக்காது. கடைசியில் தரகர் தனியே கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க, அவங்க நம்ம ஆளுங்களுக்குத்தான் பாக்குறாங்க" என்பார். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம்' இருப்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஜெர்மனில் அந்த வசதி இல்லை, இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் அந்த 'நம்ம' என்கிற சொல்தான் இங்கே கதவைச் சாத்துகிறது. உள்ளடக்கும் சொல்லைக்கொண்டே விலக்குவது நம் மொழியின் தந்திரம் அல்ல, நம் சமூகத்தின் தந்திரம்.

இதே மனிதர்களை நான் மின்சார ரயிலில் பார்க்கிறேன். கடற்கரை-தாம்பரம் தடத்தில் 1931இலிருந்து மின்சார வண்டி ஓடுகிறது. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தது 2004இல். மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக ஒருவர் வந்து நிற்பார். "கொஞ்சம் தள்ளிக்குங்க." தள்ளிக்கொள்வார்கள். யாரும் அண்ணே தம்பி என்று உறவு கொண்டாடுவதில்லை. பேரும் ஊரும் கேட்பதில்லை. கேட்டால் "எங்க இறங்குவீங்க?" என்று மட்டும், அதுவும் அடுத்து உட்காருவதற்காக. தொடை தொடையில் இடிக்க, அரைமணி நேரம், எல்லாச் சாதியும் எல்லா மதமும் ஒரே பலகையில். சானடோரியம் நிறுத்தத்தில் காசநோய் மருத்துவமனைக்குப் போகிற இருமல்காரருக்கும் அந்த நாலாவது இடம் கிடைக்கும். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, நாலு அங்குல இடம்தான். பெஞ்சமின் சொன்ன உயிருள்ள தூரத்துக்கு என் கண்ணில் பட்ட மிகச் சரியான தமிழ் உதாரணம் இந்த நாலு அங்குலம்.

தூரம் என்பது நமக்குக் கெட்ட வார்த்தை. நியாயமான காரணம் இருக்கிறது. தீண்டாமை தூரத்தைச் சட்டமாக்கி வைத்திருந்தது. ஆகவே தூரத்தை ஒழிக்க நினைக்கும்போது உடனே தழுவலை, குடும்பத்தை, 'எல்லோரும் உறவினர்' என்ற முழக்கத்தைக் கையிலெடுக்கிறோம். தழுவல் மேடையில் நடக்கிறது, வீடு கிடைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: சமமானவர்களுக்கு இடையிலான தூரம். உன்னை என் சொந்தமாக்கிக்கொள்ள மாட்டேன், உன் பூர்வீகத்தைக் கேட்க மாட்டேன், ஆனால் உனக்கு இடம் விடுவேன். பெரியார் ஐரோப்பாவும் சோவியத் ஒன்றியமும் சுற்றிவிட்டு 1932இல் திரும்பியதும், பெயருக்கு முன்னால் ஸ்ரீ, திரு முதலிய பட்டங்களை விட்டுத் 'தோழர்' என்று போடச் சொன்னதை இந்த வெளிச்சத்தில் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். உறவுமுறைக்கு வெளியே, மரியாதைப் படிக்கட்டுக்கும் வெளியே ஒரு விளிச்சொல் அது. ஆனால் அதுவும் பெயர்ச்சொல்லாகவே தங்கிப்போய், கட்சிக்காரர்களின் அடையாளமாகச் சுருங்கிற்று. அதிலிருந்து தெருவில் புழங்கும் பெயரடை பிறக்கவில்லை.

6

சரி, மொழிபெயர்ப்பாளருக்கு என்ன பதில்?

என் வகுப்பில் நான் சொல்வது 'தன்மையாக' என்ற சொல்லை. "ரொம்பத் தன்மையான மனுஷர்", "தன்மையாப் பேசி அனுப்பினார்" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மேலிருந்து இறங்குகிற வாடை அதில் குறைவு. உறவும் தேவையில்லை, அந்நியரைப் பற்றியும் சொல்லலாம். அன்பா, மரியாதையா என்ற என் மாணவிகளின் கேள்விக்கு இரண்டும் கலந்த ஒரே சொல்லாகவும் அது அமைகிறது. கவிதையில் 'தன்மையான உலகம்' என்று எழுதினால் முதலில் காதுக்கு ஒட்டாது. நாலு முறை வாய்விட்டுச் சொன்னால் ஒட்டும்.

குறையும் உண்டு. தன்மை என்பது தமிழ் இலக்கணத்தில் தன்னிடத்தைக் குறிப்பது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்கிறோமே அதில் முதலாவது. பண்பைத் தன்னுடைய சொத்தாக, 'எனக்கு இயல்பு' என்று சுட்டும் சாயல் அதில் இருக்கிறது. ஜெர்மன் பெயரடையோ முன்னிலையைத் தேடிப் போவது. யாரிடம் என்று சொல்லாமல் அது முழுமையடையாது. "தன்மையான மனுஷர்" என்று பெயர் வாங்கியவர்தான் அந்த வீட்டுக்காரரும். யாரிடம் தன்மை என்று கேட்காமலேயே தமிழ் வாக்கியம் முடிந்துவிடுகிறது என்பதே சிக்கல்.

ஆகவே இச்சொல்லைப் பயன்படுத்தும்போது நான் ஒரு நிபந்தனை வைக்கிறேன்: நான்காம் வேற்றுமையோ 'இடம்' என்ற உருபோ கூடவே வரவேண்டும். யாருக்கு, யாரிடம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியாக வேண்டும். இது இலக்கணத் திருத்தம்போலத் தோன்றலாம். வாடகைக்கு வீடு தேடுகிற ஒருவருக்கு அது வெறும் இலக்கணம் அல்ல.